தோலும் எலும்பும்: பழைய கார்களின் துரு குறித்துச் சில சிந்தனைகள்

குறிஞ்சிப்பாடியின் பெயரில் குறிஞ்சி உண்டு. ஊரில் மலை இல்லை. மேற்கே நெய்வேலிச் சுரங்கங்கள்; கிழக்கே, சற்றுத் தொலைவில் கடல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இரும்புக்கு இது நல்ல அயல் அன்று.

அண்மையில் இங்குள்ள பட்டறை ஒன்றில், இருபது ஆண்டு கடந்த சிறிய கார் ஒன்றைக் கண்டோம். புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தது. கதவில் முகம் பார்க்கலாம். காலடி விரிப்பை விலக்கியபோதோ, உள்ளிருந்தபடியே தெருமண் தெரிந்தது. வண்ணம் பளபளக்க, இரும்பு அழிந்தது எவ்வாறு? விடைக்குக் காரின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அடிச்சட்டம் தனி; அதன்மேல் பொருத்தப்பட்ட உடல் தனி. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 வரை உற்பத்தியான மாருதி 800இல் தனிச்சட்டம் கிடையாது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் இவ்வகையே. மடித்துப் பற்றவைத்த மெல்லிய தகடுகளின் கூடே பாரம் தாங்குகிறது. எடை குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று. ஆனால் தோலே எலும்புமாயிற்று. தரையிலும் கதவடி விளிம்பிலும் பிடிக்கும் துரு, அழகுக் குறை மட்டும் அன்று. விபத்தின்போது உள்ளிருப்போரைக் காக்கும் வலுவையே அது தின்கிறது.

வண்ணத்தின் கதையோ வேறு. தொடக்கக் காலத்தில் குதிரைவண்டிக்குப் பூசியது போலவே காருக்கும் எண்ணெய் வண்ணம் பூசினர், உலர வாரக்கணக்காகும். 1923இல் அமெரிக்காவில் வந்த டியூகோ என்னும் வண்ணம், அதைச் சில மணிநேரமாகச் சுருக்கியது. எனினும் தெளிகருவி வெளிப்புறத்தைத்தான் எட்டியது. மடிப்புகளின் உட்புறம் எட்டாமலே நின்றது. 1960களில் ஃபோர்டு நிறுவனம் காரின் உடலையே வண்ணத்தொட்டியில் அமிழ்த்தி, மின்னோட்டத்தால் உட்குழிவுகளிலும் வண்ணத்தைப் படிய வைத்தது. 1970களில் போர்ஷே, துத்தநாகம் பூசிய தகடுகளால் உடலை அமைத்தது. துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும். ஆக, துருவை வெல்லும் முயற்சி வெளியிலிருந்து உள்நோக்கியே நகர்ந்திருக்கிறது.

பட்டறைக் கார் சென்றது இதற்கு எதிர்த்திசையில். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும். அதனால்தான் வண்ணம் கொப்பளிக்கிறது. கொப்புளம் நோயின் தொடக்கம் அன்று. உள்ளே முற்றியதன் அறிவிப்பு. அதன்மேல் பட்டி பார்த்துப் புதுவண்ணம் பூசுவது, புண்ணுக்குப் பட்டுத்துணி போர்த்துவதாகும். துருவை வெற்று உலோகம் வரை சுரண்ட வேண்டும். மக்கிய தகட்டை வெட்டி, புதிய தகடு பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சு இட்ட பின்னரே வண்ணம். மழைக்கு முன், கதவடியில் நீர் வடியும் சிறு துளைகளை ஒரு குச்சியால் குத்தி அடைப்பெடுத்தாலே பாதி நோய் அண்டாது.

பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டு ஓட்டலாம். அதில் ஏறப்போவது நம் பிள்ளைகளும் முதியோரும். எனவே பழைய கார் வாங்கச் செல்லும் நண்பர்கள், வண்ணத்தை வியக்குமுன் ஒருமுறை குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டுகிறோம்.