துண்டு முறையும் தோட்டக் கணக்கேடுகளும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தனித்தனியே பேணப்படும் கணக்கேடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள வேண்டுமாயின், அவற்றுக்குப் பொதுவானதொரு நியமம் இன்றியமையாதது. பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டு வலையமைப்புகளிடையே பெறுமதியை மாற்றுதற்கு இத்தகைய பொது நியமங்கள் அண்மைக்காலத்தில் வகுக்கப்பட்டுள்ளன. காஸ்மோஸ் வலையமைப்பில் 2021ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐ.பி.சி. நெறிமுறை அவற்றுள் ஒன்றாகும். ஆயின் இலங்கையின் மலையகத்துக்கு இப்பிரச்சினை புதியதன்று.

பூனாகலை, பண்டாரவளை, பதுளை எனப் பரந்து கிடக்கும் ஊவாப் பகுதியிலும் ஏனைய மலைநாட்டு மாவட்டங்களிலும் ஒவ்வொரு தோட்டமும் தனக்கெனச் செக்ரோலும் முன்பணக் கணக்கும் வைத்திருந்தது. தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வரும் கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் வழங்கிற்று. அத்தொகையும் வழிச்செலவும் தொழிலாளியின் கடனாகப் பதியப்பட்டன. கடன்பட்ட தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்வது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தோட்டத்துரைமார் கண்ட விடையே ‘துண்டு’ ஆகும்.

குறித்த தொகை செலுத்தப்படின் கங்காணியும் அவனது ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அதனைக் கண்ட வேறொரு துரை, கொடுத்தவரை அறியாதவராயினும், தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறலாம். பழைய ஏட்டில் தீர்ந்த கடன் புதிய ஏட்டில் மீண்டும் எழுந்தது. தொழிலாளர் பற்றாக்குறையினால் தோட்டங்கள் தம்முள் போட்டியிட்டன. கங்காணிமார் தோட்டம் மாறுந்தோறும் கூடுதல் முன்பணம் பெற்றனர். தோட்டம் மாறமாறக் கடன் பெருகியதேயன்றிக் குறையவில்லை. அதன் சுமையோ எழுத்தறிவற்ற தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய தகர வில்லையும் இத்தகையதே. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த அவ்வில்லையைத் தொழிலாளி கழுத்தில் அணிந்து வந்தான். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற்சேவை தொடங்கிற்று. தென்னிந்தியப் பக்கத்தில் மீற்றர் அளவுப் பாதை, இலங்கைப் பக்கத்தில் ஐந்தடி ஆறங்குல அகலப்பாதை எனத் தண்டவாளங்கள் ஒவ்வாதிருந்தன. எனினும் வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்பதை அவ்வில்லை இருகரையிலும் ஐயத்துக்கிடமின்றி உணர்த்திற்று. இறுதியில் அச்செலவும் தொழிலாளியின் கடனாயிற்று.

இம்முறைமீது இந்தியாவில் எழுந்த கண்டனமும், ஏறிச்செல்லும் முன்பணத்தால் தோட்டக்காரருக்கு நேர்ந்த இடரும் மாற்றத்தை வேண்டி நின்றன. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் கங்காணியின் பிடி உடனே தளர்ந்துவிடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இலேயே இயற்றப்பட்டது.

கணக்கேடுகளை இணைக்கும் நியமம் என்ற அளவில் துண்டு செவ்வனே இயங்கிற்று என்பதை மறுத்தற்கில்லை. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. நியமத்தை வகுத்தோரும் ஏட்டை எழுதினோரும் அதனை வாசித்தோரும் ஒரே வர்க்கத்தினர். எவன் பெயரால் கடன் எழுதப்பட்டதோ அவன் அதனை வாசிக்கவோ மறுக்கவோ இயலாதவனாயிருந்தான். ஆதலின் ஒரு நியமம் எத்தனை ஏடுகளை இணைக்கின்றது என்பதைக் கொண்டு மட்டும் அதனைத் திறந்த நியமம் எனல் பொருந்தாது. ஏட்டில் இடம்பெறுபவனுக்கும் அது திறந்திருத்தல் வேண்டும் என்பதே துண்டின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.