கேட்பதற்கென ஓர் அறை

லண்டனிலும் நியூயார்க்கிலும் அண்மைக்காலமாகப் புதுவகை மதுக்கூடங்கள் தோன்றிவருகின்றன. சிறிய அறை, மங்கிய விளக்கு, கையில் காக்டெயில், சுழலும் வினைல் இசைத்தட்டு. இவற்றின் மூதாதை ஜப்பானின் 'ஜாஸ் கிஸ்ஸா'. காப்பிக் கடையாகத் தொடங்கிய இந்த மரபில் பிறகு மதுவும் சேர்ந்துகொண்டது. பல கடைகளில் பேசுவதற்குத் தடை இருந்தது. அந்த மௌனத்தை ஜென் பௌத்தத்தோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாமையிலிருந்து பிறந்த மௌனம்.

துறைமுக நகரான யோகோஹாமாவில் யோஷிதா மமொரு 1933-இல் தொடங்கிய 'சிகுசா'வின் கதை இதற்குச் சான்று. 1943-இல் ஜப்பானிய அரசு ஜாஸ் உள்ளிட்ட அமெரிக்க, ஆங்கில இசையைப் பகைவரின் இசை என்று விலக்கியது. 1945 மே மாத விமானத் தாக்குதலில் கடையும் அவர் சேர்த்துவைத்த தட்டுகளும் சாம்பலாயின. போர் முடிந்தபின் முதலிலிருந்து சேகரித்து மீண்டும் கடை திறந்தார்.

அக்காலத்தில் இறக்குமதித் தட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்குவது மாணவருக்கோ இளம் ஊழியருக்கோ எளிதன்று. நல்ல ஒலிக்கருவி இருந்த வீடுகளும் மிகக் குறைவு. ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு மணிக்கணக்கில் அமர்ந்து கேட்கலாம் என்றால் அந்த அறை நூலகத்துக்கு நிகரானதுதானே? பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி, சிகுசாவின் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுரங்களைத் தாளில் குறித்துக் கற்றவர். பக்கத்து மேசைக்காரர் வாய் திறந்தால் அவருக்குப் பாடம் போயிற்று.

1948-இல் வந்த நெடுந்தட்டு இந்தப் பழக்கத்தை ஆழப்படுத்தியது. பழைய 78 சுழற்சித் தட்டு மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். நெடுந்தட்டின் ஒரு பக்கமோ இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும். விருப்பமான பக்கத்தைச் சொல்லிவிட்டு முறை வரும்வரை பிறர் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும்.

நாவலாசிரியர் ஹாருகி முரகாமியும் இத்தகைய கடைக்காரர்தாம். 1974-இல் மனைவியுடன் தொடங்கிய 'பீட்டர் கேட்' கடையை 1981-இல் விற்றார். முதல் நாவலை எழுதியது கடை மூடியபின் கிடைத்த இரவுகளில், சமையலறை மேசையில்.

1979-இல் வாக்மன், 1982-இல் குறுந்தகடு. இசை மலிந்தது, கடைகள் பல மறைந்தன. யோஷிதா 1994-இல் காலமானார். சிகுசா 2007-இல் மூடப்பட்டது. பழைய வாடிக்கையாளர்கள் முன்னின்று அதை 2012-இல் மீண்டும் திறந்தார்கள். அதற்குள் அந்தத் தட்டுகளில் இருந்த இசையில் பெரும்பகுதியைக் கைப்பேசியிலேயே கேட்க முடிந்தது.