சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி அரசு

சுவிட்சர்லாந்தில் பிரதமர் கிடையாது. 1848 முதல் ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி மன்றமே நாட்டை ஆள்கிறது, எழுவரும் சமம். அவர்களில் ஒருவர் ஓராண்டுக்கு மட்டும் குடியரசுத் தலைவர், அதுவும் தன் துறையைக் கவனித்துக்கொண்டே. எழுவரையும் தேர்ந்தெடுப்பது பெர்ன் நகரிலுள்ள நாடாளுமன்றம்: மக்களவையில் 200 பேர், கன்டோன் எனப்படும் மாநிலங்களின் அவையில் 46 பேர்.

கடைசிச் சொல் வாக்காளருடையது. 18 மாதத்தில் ஒரு லட்சம் கையெழுத்து திரட்டினால் அரசியலமைப்பையே திருத்தக் கோரலாம். வாக்கெடுப்பில் மொத்த வாக்குகளிலும் கன்டோன்களிலும் பெரும்பான்மை வேண்டும்.

இந்த மக்களாட்சிக்கு ஒரு கறையும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை தர 1959இல் ஆண்கள் மறுத்துவிட்டார்கள், 1971இல்தான் இணங்கினார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் கன்டோனோ உள்ளூர்த் தேர்தலில் அப்போதும் மசியவில்லை. 1990இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.