குருமனைத் தோட்டத்துக் குழி

1859-ஆம் ஆண்டின் கோடைக்காலம். இங்கிலாந்தின் தென்மேற்கே, டார்செட் மாவட்டத்தில் ஃபோர்டிங்டன் என்னும் ஊர். அங்கே ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குக் குருவாக இருந்த ஹென்றி மோல் ஒரு முடிவுக்கு வந்தார். குருமனைக் கொல்லையில் இருந்த மலக்குழி தமக்கும் அடுத்த வீட்டாருக்கும் பெருந்தொல்லையாகிவிட்டது; அதைத் தூர்த்துவிட வேண்டும். தூர்த்தும் விட்டார். வீட்டிலுள்ளோர் அனைவரும் இனி வாளியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வாளியில் சேர்ந்ததைத் தோட்டத்தில் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிப் புதைத்து வந்தார்கள். மூன்று நான்கு வாரங்கள் கழித்து, தற்செயலாக அதே இடத்தை மறுபடியும் தோண்ட நேர்ந்தது. புதைத்ததன் சுவடே அங்கில்லை. மண் மட்டுமே இருந்தது.

உணவு வேளையில் இவ்விதழைப் பிரிக்கும் வழக்கமுள்ள வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். பேசக் கூசும் பொருள்தான். ஆனால் பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களில், ஒரு குடும்பத்தின் மலக்கழிவை அந்தக் குடும்பத்தின் மனைக்குள்ளேயே எப்படித் தீங்கற்றதாக்குவது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாறு, நாம் நினைப்பதைவிட நெடியது. நம்மையும் தொட்டுச் செல்வது.

மோல் 1801-இல் பிறந்தவர். 1829-இல் ஃபோர்டிங்டனுக்கு வந்து, 1880-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். டார்செஸ்டர் நகரை ஒட்டிய அப்பங்கில் மில் தெரு என்றொரு பகுதி உண்டு. ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்த தெரு. கழிவைக் கொட்டிய குட்டையிலேயே பாத்திரம் கழுவவும் தண்ணீர் எடுத்தார்கள். 1854-இல் லண்டன் மில்பேங்க் சிறையில் காலரா பரவியபோது, கைதிகளை டார்செஸ்டரின் படைக்கொட்டடிக்கு மாற்றினார்கள். அவர்களுடைய துணிகளை வெளுப்பதற்கு எடுத்து வந்தவர்கள் ஃபோர்டிங்டன் பெண்கள். துணிமூட்டையோடு நோயும் தெருவுக்குள் வந்தது. மோல் வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். அத்தோடு அவர் நிற்கவில்லை. அந்த நிலம் கார்ன்வால் கோமகனாரின் உடைமை. அதன் நிர்வாகத்தைக் கவனித்தவர் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர். அவருக்கே மோல் எட்டுக் கடிதங்கள் எழுதினார். 1855-இல் அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். இன்னார் நிலத்தில் இன்னார் இப்படிச் சாகிறார்கள் என்று நிலக்கிழாரின் முகத்துக்கு நேரே சொன்ன கடிதங்கள். ஒரு சிற்றூர்க் குரு அரண்மனைக்கு அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

இந்த அனுபவத்திற்குப் பிறகுதான் 1859-இன் வாளிகள் வருகின்றன. பள்ளம் வெட்டிப் புதைப்பதை விடுத்து, மோல் ஒரு கொட்டகை போட்டார். காயவைத்துச் சலித்த மண்ணை அங்கே குவித்து, வாளியில் உள்ளதை அதனோடு கலக்கச் செய்தார். ஒரு சிறுவனுக்கு அது கால்மணி நேர வேலை. கலந்த பத்து நிமிடத்தில் கண்ணுக்கும் மூக்குக்கும் அருவருப்பான எதுவும் எஞ்சவில்லை என்று எழுதுகிறார். மண்ணைத் திரும்பவும் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம் என்பதையும் கண்டார். ஐந்து முறை அவ்வாறு பயன்பட்ட மண்ணை ஓர் உழவரிடம் கொடுத்து, வயலின் ஒரு பாதிக்கு அதையும் மறுபாதிக்கு அதே எடையுள்ள சூப்பர் பாஸ்பேட் உரத்தையும் இடச் சொன்னார். மண் இட்ட பாதியில் கிழங்குகள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்தன. 1860-இல், இருக்கைக்குப் பின்னே மண்பெட்டி பொருத்திய, பிடியை இழுத்தால் அளவாக மண் விழும் கழிப்பிடத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1868-இல் விம்பிள்டனில் நடந்த தொண்டர் படை முகாமில் அத்தகைய 148 கழிப்பிடங்கள் வைக்கப்பட்டன.

மோலின் பிள்ளைகளில் இருவர், ஜார்ஜும் ஆர்தரும், மறைபரப்புப் பணிக்குச் சீனா சென்றவர்கள். மனிதக் கழிவை வயலுக்கே திருப்பும் வழக்கம் தந்தை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே நிலவிய நாடு அது. நம்மிடம் இருக்கும் திருமறை நூலுக்கும் இந்தச் செய்தி புதிதன்று. பாளையத்துக்கு வெளியே செல்பவன் சிறுகோல் ஒன்றைக் கொண்டுபோய்க் குழி தோண்டி மூடவேண்டும் என்ற கட்டளையை, இணைச்சட்டம் 23-ஆம் அதிகாரத்தில் நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

மோல் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது நிலைநாட்டப்படாத காலம் அது. நாற்றம் நீங்கினால் தீங்கும் நீங்கிவிட்டது என்று அவர் நம்பினார். நாற்றம் பத்து நிமிடத்தில் போகலாம். நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் மாதக்கணக்காக, சில இடங்களில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். அதே மண்ணை உலர்த்தி ஐந்து முறை கையாண்டது அபாயமான பழக்கம். உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, புதிதாக எதையும் சேர்க்காமல் மூடி வைத்திருக்க வேண்டிய காலம், 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுள்ள நாடுகளில் ஓராண்டுக்கு மேல். குளிர்ந்த நாடுகளில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. ஆக, மண்ணோடு காலமும் வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதற்கு உலகத்துக்கு இன்னும் நூறாண்டு தேவைப்பட்டது.

மோலின் உலர்மண் முறை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1860-களிலிருந்து ஆங்கில ஆட்சியின் சிறைகளிலும் படைமுகாம்களிலும் அதைப் பின்பற்றினார்கள். மண் இங்கும் தன் வேலையைச் செய்தது. ஆனால் ஃபோர்டிங்டன் குருமனையில் ஒரு சிறுவனின் கால்மணி நேர வேலையாக இருந்தது, இங்கே ஒரு சாதியின் வாழ்நாள் வேலையாயிற்று. தந்தைக்குப் பின் மகனுக்கு, மாமியாருக்குப் பின் மருமகளுக்கு. மலம் அள்ளுவதை ஒரு சாதியின் தலையில் கட்டிய வழக்கத்தை ஆங்கிலேயர் உண்டாக்கவில்லை. இருந்த வழக்கத்தின்மேல் தங்கள் சுகாதார ஏற்பாட்டை வசதியாக ஏற்றிவைத்தார்கள். நகராட்சிகள் வளர வளர, வீட்டின் பின்புறச் சந்தில் சிறு கதவு வைத்த எடுப்புக் கக்கூஸ்களும் பெருகின. வாளியும் தகரமும் கூடையும் யார் தலையில் ஏறின என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த இடத்தில் டர்பன் நகரத்து வீடொன்றை நினைக்கிறேன். 1898-ஆம் ஆண்டு வாக்கில் காந்தி அங்கே வழக்குரைஞராக இருந்தார். மேலைநாட்டு முறையில் கட்டிய வீடு. அறைதோறும் சிறுநீர்க் கலயம். உடன் தங்கியிருந்த எழுத்தர்களின் கலயங்களைக் காந்தியும் கஸ்தூர்பாவும் எடுத்துச் சுத்தம் செய்வது வழக்கம். அவர்களில் ஒருவர் பஞ்சமக் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். மற்றவர்களுடையதை எடுத்த கஸ்தூர்பாவுக்கு, அவருடையதை எடுக்க மனம் ஒப்பவில்லை. அழுதுகொண்டே கலயத்தோடு படியிறங்கினார். அது போதாது, முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று காந்தி சினந்து, அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றார். தம் வன்முறையைப் பிற்காலத்தில் சத்திய சோதனையில் காந்தியே வெட்கத்தோடு எழுதிவைத்தார். கணவரின் கொடுமையைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு அந்தப் பெயர் தெரியாத எழுத்தரின் நினைவே மேலோங்குகிறது. அவர் திருமுழுக்குப் பெற்றிருந்தார். அவருடைய கலயத்தின் தீட்டு திருமுழுக்கால் கழியவில்லை. நம் கோவில்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

1910-இல் யோகானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே குடியேறியவர்களில் தமிழர்கள் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. குப்பையையும் மலத்தையும் அவர்களே குழிவெட்டி மண்ணிட்டு மூடினார்கள். அள்ளுவதற்கென்று தனியாக ஒருவரும் இல்லை. இந்தியா திரும்பிய பிறகும் காந்தி இதை எழுதிக்கொண்டே இருந்தார். லண்டன் மருத்துவர் விவியன் பூர் 1893-இல் வெளியிட்ட ஊர்ப்புறச் சுகாதார நூலை அவர் துணைக்கு அழைப்பதுண்டு. மலத்தை ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல ஆழத்துக்குள் புதைக்க வேண்டும், மேல்மண்ணில்தான் அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்துள்ளன என்பது பூரின் கருத்து. மோலின் தோட்டத்தில் கண்டதற்கு அறிவியல் விளக்கம் அவ்வாறு கிடைத்தது.

மண்ணையும் காலத்தையும் ஒருசேர இணைத்த அமைப்பு இரட்டைக் குழிக் கழிப்பறை. எளிய அமைப்புத்தான். சிறிய பீங்கான் கோப்பை; ஊற்ற ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். பின்புறம் இரண்டு குழிகள். சுவரில் இடைவெளி விட்டு செங்கல் அடுக்கியிருக்கும். அடியில் தளம் கிடையாது. நீர் மண்ணுக்குள் கசிந்துபோக, கெட்டியானது தங்கும். ஒரு குழி நிறைவதற்கு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் அதன் வாயை அடைத்து மற்றக் குழிக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது நிறைவதற்குள் முதற்குழியில் உள்ளது மக்கிக் காய்ந்து எருவாகிவிடும். அதை எடுக்க யாரையும் இழிவுபடுத்த வேண்டியதில்லை. எடுப்பது மலமே இல்லை. பீகாரில் 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக், 2023-இல் இறக்கும்வரை இதையே நாடெங்கும் கொண்டுசென்றார். மலம் அள்ளும் மக்களின் விடுதலைக்கான கருவியாகவே அவர் இதைக் கண்டார். 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கமும் சிற்றூர்களுக்கு இதையே பரிந்துரைத்தது.

எல்லா நிலத்துக்கும் இது பொருந்தாது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கத்தோலிக்க மீனவர் வாழும் புல்லுவிளை போன்ற கடற்கரையூர்களில் மணலைத் தோண்டினால் சில அடிகளிலேயே தண்ணீர். குழியில் இட்டது அடுத்த வீட்டுக் கிணற்றில் வந்து சேரும். 1990-களில் அங்கே பணிசெய்த ஆங்கிலேயப் பொறியாளர் பால் கால்வர்ட், தரைக்கு மேலே இரண்டு அறைகள் கட்டினார். மலம் மட்டும் அறைக்குள் விழும். மேலே சாம்பல் தூவ வேண்டும். சிறுநீரும் கழுவும் நீரும் தனி வழியே போய்ச் செடிப்பாத்தியில் சேரும். கழுவிக்கொள்ளும் வழக்கமுள்ள நம் மக்களை மனத்தில் வைத்துச் செய்த அமைப்பு. பின்னர் காவிரிக் கரையிலுள்ள முசிறியிலும் இம்முறையில் ஒரு பொதுக் கழிப்பிடம் வந்தது. சேரும் சிறுநீர் பயிருக்கு உரமாகும் என்பதால், காசு வாங்குவதற்குப் பதிலாக, வந்து போகிறவருக்குக் காசு கொடுத்தார்கள். வேடிக்கையாகத் தோன்றும், கழிவுக்கு விலை உண்டு என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இவ்வளவு இருந்தும் நம் ஊர்களில் பெரும்பாலோர் விரும்பிக் கட்டுவது ஆழமான ஒற்றைக் குழி, அல்லது பெரிய செப்டிக் டேங்க். டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 2017-இல் வெளியிட்ட நூலில் இதற்கான காரணத்தைத் தேடினார்கள். வட இந்தியச் சிற்றூர்களில் அவர்கள் கண்டது வறுமையும் தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை. மற்ற ஏழை நாட்டு மக்கள் மகிழ்ந்து ஏற்கும் சிறுகுழியை இங்கே வேண்டாம் என்கிறார்கள். காரணம், அது ஒருநாள் நிறையும், நிறைந்தால் தம் கையால் வெட்டியெடுக்க வேண்டும், அது ‘அவர்கள்’ செய்ய வேண்டிய வேலை. அதனால் வாழ்நாளில் நிறையாத குழியைக் கட்டுகிறார்கள். அதுவும் ஒருநாள் நிறைகிறது. மக்குவதற்கு ஓய்வே கிடைக்காத, நச்சுவாயு தேங்கிய அந்தத் தொட்டிக்குள் யாரோ ஒருவர் இறங்க வேண்டியிருக்கிறது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023-இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தும் தேவை இன்னும் இருந்தது என்பதுதான் செய்தி.

2017 பிப்ரவரியில் தெலங்கானாவில், வாரங்கல் அருகேயுள்ள கங்கதேவிப்பள்ளி என்ற ஊரில் ஒரு வீட்டுக் குழியைத் திறந்தார்கள். இரட்டைக் குழியில் ஒன்று. நிறைந்து, மூடி, ஓய்வு பெற்றது. மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் அதற்குள் இறங்கினார். பல மாநிலங்களிலிருந்து வந்த உயர் அலுவலர்களும் முறைவைத்து இறங்கி, மண்வெட்டியால் அள்ளி வெளியே போட்டார்கள். உள்ளே இருந்தது கருமையான, உலர்ந்த, நாற்றமற்ற எரு. நாளிதழ்கள் படத்தோடு வெளியிட்டன. ஒரு மனிதர் ஒரு வீட்டுக் குழியிலிருந்து எரு எடுத்தது செய்தியாயிற்று. எடுத்தவர் யார் என்பதனால்.