தேவிபட்டினத்துக் கடையும் விருதுபட்டி மகமையும்

தேவிபட்டினம் போய் வந்தவங்களுக்குத் தெரியும். கடலைப் பார்த்து நடந்தா, நவபாஷாணத்துக்குப் போற வழியில நவதானியப் பொட்டலம் வித்துக்கிட்டிருப்பாங்க. நெல்லு, கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள்ளு, கொள்ளு, உளுந்து. ஒன்பதும் மளிகைக்கடையில சாக்குல கிடக்கிற சாமான்தான். ஒரு பிடி அளவுக்கு ஒண்ணாக் கட்டி, கடலுக்குள்ள நிக்கிற ஒன்பது கல்லுக்குப் பக்கத்துல கொண்டாந்து வெச்சா அது வேற சரக்காயிடுது. சில்லறை வியாபாரத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஆனா இந்தப் பதிவு பொட்டலத்தைப் பத்தினது இல்லை. என் சித்தப்பா மகன் துபாய்ல பதினோரு வருஷம் இருந்துட்டு வந்து அங்க ஒரு மளிகைக்கடை போட்டிருக்கான். சேத்து வெச்ச காசு மொத்தமும் அதுக்குள்ள. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கூட்டம் அள்ளும். மத்த நாள்ல உள்ளூர் ஜனம்தான், அதுவும் பெரும்பாலும் கடலுக்குப் போறவங்க வீடு. வாடைக்காத்து அடிச்சு கடல் கலங்கிட்டா அவங்களுக்கு வரும்படி இல்லை. அதுக்காகச் சாப்பிடாம இருக்க முடியுமா? நோட்டுல எழுதிக்கச் சொல்லி வாங்கிட்டுப் போவாங்க.

போன மாசம் போன்ல கேட்டான்: "அண்ணே, நீங்கதான் நெறைய படிக்கிறீங்களே. கடன் கொடுக்காம இங்க கடை நடத்தவே முடியாதா? கடைக்குள்ள இருக்க சரக்கைவிட நோட்டுல இருக்க சரக்கு ஜாஸ்தியா இருக்கு."

எனக்குக் கடை நடத்தத் தெரியாது. பழைய கதை மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன்.

இன்னிக்கு விருதுநகர் தனி மாவட்டம். 1985 வரைக்கும் அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். கடற்கரைப் பக்கம் கீழக்கரை மரக்காயர்கள் கப்பல் விட்டு வியாபாரம் செஞ்சாங்க. உள்நாட்டுல, கரிசக்காட்டுக்குள்ள, கதை வேற. 1801-ல பாளையக்காரர் போர் முடிஞ்சு ரோடு கொஞ்சம் பயமில்லாம ஆனதும், தெற்கே திருநெல்வேலித் தேரிக்காட்டுல இருந்து நாடார் வியாபாரிங்க கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏத்திக்கிட்டு வடக்கே வந்தாங்க. மாட்டுவண்டிப் பயணம். ராத்திரி எங்க தங்குறது? சரக்கை யார் காவல் காக்குறது?

அதுக்குத்தான் பேட்டை. சுத்துச்சுவர் வெச்ச பெரிய வளாகம். உள்ளே வண்டியை அவுத்துப் போட்டு, சரக்கை இறக்கி, தூங்கிட்டுக் காலையில வியாபாரம் பாக்கலாம். விருதுபட்டி (1923-லதான் விருதுநகர்னு பேர் மாறுச்சு), சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடின்னு ஆறு ஊர்ல இப்படி வேர் பிடிச்சாங்க.

பேட்டையை நடத்தக் காசு? மகமை. வர்ற போற சரக்கு மேல மூட்டைக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு எடுத்து வெக்கிறது. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. லாபத்துல இருந்து எடுக்கிறது இல்லை, சரக்கு நகர்ந்தாலே எடுக்கிறது. லாபம் வந்தாப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா ஒருத்தனுக்கும் லாபமே வந்திருக்காது (நம்ம வருமான வரிக் கணக்கு மாதிரி :-)). அந்தக் காசை உறவின்முறை நிர்வாகம் பண்ணுச்சு. மாத்தி மாத்தி முறைகாரர் பொறுப்பு எடுப்பாங்க. வியாபாரச் சண்டை, கடன் தகராறு எல்லாம் அங்கேயே பேசி முடியும்.

பேட்டைக்குன்னு எடுத்த காசு அப்புறம் கிணறாச்சு, பள்ளிக்கூடமாச்சு. 1889-ல விருதுபட்டியில சத்திரிய வித்தியாசாலை வந்தது இப்படித்தான். மகமையோட வீட்டுக்கு வீடு பிடி அரிசியும். காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம். அவர் படிப்பை விட்டுட்டு மாமாவோட துணிக்கடையில உக்காந்ததும், கடையைப் போட்டுட்டுக் கூட்டம் கேக்கப் போனதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கடைப்பையனா அவர் சுமார்தான்!

இந்தக் கதையை மேடையில பேசுறவங்க 'சிக்கனம், உழைப்பு'ன்னு முடிச்சுடுவாங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்லை. சிக்கனமா உழைச்ச எத்தனையோ பேர் போண்டியாகியிருக்காங்க. இங்க வேலை செஞ்சது கட்டாயம். மகமை கொடுக்கலைன்னா ஊர் ஒதுக்கி வெச்சிடும். நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. 1969-ல ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பத்தி எழுதின புத்தகத்துல இதெல்லாம் விவரமா இருக்கு. அவ்வளவு இறுக்கமா ஏன் சேர்ந்து நின்னாங்கன்னும் பாக்கணும். சந்தையில கோலோச்சினவங்களைக் கோவிலுக்குள்ள விடலை. 1897-ல கமுதிக் கோவில்ல நுழைஞ்சதுக்குப் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல தோத்தாங்க. நடுவுல 1899-ல சிவகாசிக் கலவரம். வெளியில கதவு சாத்துனதால உள்ளே கை கோத்தாங்க. 1921-ல தூத்துக்குடியில நாடார் பேங்க் ஆரம்பிச்சாங்க. 1962-ல தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்னு பேர் மாறினது அதுதான்.

இதெல்லாம் சொல்லிட்டு, "தினம் விக்கிறதுல நூத்துக்கு ஒரு ரூபா தனி டப்பாவுல போடு. கடன் முடங்குற மாசத்துல சரக்கு எடுக்க அது உதவும்"னு பெரிய மனுஷத்தனமா முடிச்சேன்.

அவன் சிரிச்சான். "அண்ணே, அரிசி, சீனி, எண்ணெயில எனக்கு நிக்கிறதே மூணு நாலு ரூபா. அதுல ஒண்ணை எடுத்துட்டா, வெலையை ஏத்தணும். ஏத்துனா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க."

எனக்குப் பதில் இல்லை. ரெண்டு நாள் யோசிச்சேன். அவன் சொன்னதுதான் சரி. பேட்டையில எல்லா வியாபாரியும் கட்டினதால அது எல்லாருக்கும் ஒரே செலவு, வண்டிக்கூலி மாதிரி. ஒருத்தனும் இன்னொருத்தனை வெலையில அடிக்க முடியாது. தனியா ஒரு கடைக்காரன் டப்பா வெச்சா அது மகமை இல்லை, உண்டியல்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப பக்கத்துக் கடைக்காரங்ககிட்டயே பேசு. ஆளுக்கு ஒரு லோடு ஆட்டோ பிடிச்சு ராமநாதபுரம் போறீங்களே, ஒரே வண்டியில போங்க. மொத்தமாக் கேட்டா மொத்தக்கடையில வெலையும் குறையும். மிச்சமாகிற வாடகையில மூட்டைக்கு இவ்வளவுன்னு பொதுவுல போடுங்க. யார் வீட்டுக்கு எவ்வளவு பாக்கின்னும் உங்களுக்குள்ள தெரிஞ்சிருக்கட்டும். ஒரு கடையில முட்டிக்கிட்டு நிக்கிற ஆள் அடுத்த கடையில புது நோட்டுப் போட முடியாதுல்ல?"

"எல்லாம் சொந்தக்காரங்களா இருந்தா சரிண்ணே. இங்க ஒரு பாய் கடை, ஒரு தேவர் கடை, நான். யார் யாரை ஒதுக்கி வெக்கிறது?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்துச் சாதிக்கட்டை நான் இவங்களுக்குச் சிபாரிசு பண்ண முடியாது, பண்ணவும் மாட்டேன். அதுக்குப் பதிலா எது பிடிச்சு நிறுத்தும்னு எனக்குத் தெளிவாத் தெரியலை. ஒருவேளை வண்டி வாடகையே போதுமோ என்னவோ.

நேத்து ராத்திரி கூப்பிட்டான். மூணு கடையும் சேர்ந்து ஒரு தடவை ஒரே வண்டியில லோடு எடுத்தாச்சாம். பொதுப் பணத்துக்கு மூட்டைக்கு அஞ்சு ரூபான்னு பேச்சு. பாக்கி நோட்டை மட்டும் ஒருத்தரும் இன்னும் காட்டலை. அதுக்குள்ள தகராறு வேற: 25 கிலோ சிப்பத்துக்கும் 50 கிலோ மூட்டைக்கும் ஒரே காசான்னு பாய் கேக்குறாராம்.