தட்டும் இலையும்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் டிசம்பரில் தொடங்காது. பனையேற்றம் ஓயும் முன்னாடியே ஆச்சி கருப்பட்டி வாங்கி, ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவாள். திருச்செந்தூருக்கும் நாசரேத்துக்கும் நடுவில் தேரிக்காட்டு ஓரம் எங்கள் ஊர். ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியாமல் இருக்க அந்தப் புகைதான் காவல். அந்தப் பெட்டி டிசம்பர் நடுவில் இறங்கும்போதுதான் பண்டிகை வந்துவிட்டது என்று எங்களுக்கு உறைக்கும்.

முதல் பலகாரம் முந்திரிக்கொத்து. பேரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடாதீர்கள், அதில் ஒன்றுகூட இருக்காது. சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டுவார்கள். உருண்டைகளை மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் ஒட்டிக்கொண்டு குலை மாதிரி வரும். பழைய தமிழில் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று பேர். அந்தக் குலையைப் பார்த்துத்தான் இந்தப் பேர் வந்திருக்கும் என்பது என் எண்ணம். அடுத்தது அச்சு முறுக்கு. அதே பூ அச்சை வைத்து ஸ்வீடனிலும் நார்வேயிலும் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள் என்று பின்னாளில் தெரிந்தபோது ஏதோ தூரத்துச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. வெள்ளையடிப்பது, டெய்லர் கடையில் காத்துக் கிடப்பது, மூங்கில் குச்சியில் வர்ணத்தாள் ஒட்டி ஸ்டார் கட்டுவது, மார்கழிப் பனியில் பஜனை போவது எல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நான் சொல்ல வந்தது அதிரச மாவைப் பற்றி.

அதிரசத்துக்கு மில் மாவு ஆகாது. ஊறவைத்த அரிசியை ஈரம் போகாமல் உரலில் இடிக்க வேண்டும். அதற்கு ஊரின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு அம்மா வருவார். ஆச்சியைவிட ரெண்டு வயசுதான் குறைவு. ஆனால் நாங்கள், பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளைகள், அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் போகும் அதே கோவிலுக்குத்தான் அவரும் வருவார். அவர்கள் ஆட்கள் எல்லாரும் பின்வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாவு இடித்து, சலித்து, சொளவில் கொட்டிக் கொடுப்பது வரை அவர் கை. அடுப்பில் சட்டி ஏறியதும் அவர் முற்றத்துக்குப் போய்விடுவார். பச்சை மாவுக்கு ஒரு சட்டம், வெந்த பலகாரத்துக்கு இன்னொரு சட்டம்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் பலகாரத் தட்டு புறப்படும். மேலத்தெரு வீடுகளில் இருந்து தீபாவளிக்கு முறுக்கும் சுசியமும் வந்திருக்கும். காயல்பட்டினத்தில் அப்பாவின் சிநேகிதர் வீட்டிலிருந்து பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும். அதற்கெல்லாம் பதில் எங்கள் எவர்சில்வர் தட்டு. தட்டு ஒருநாளும் வெறுமையாய்த் திரும்பாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். மாவு இடித்த அம்மாவுக்கு மட்டும் வாழை இலையில் மடித்துப் பின்வாசலில் கொடுப்போம். எல்லாருக்கும் கொடுத்ததைவிட அதில் கூடுதலாகவே இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏன் தட்டில் வைக்கவில்லை என்று ஒரு வருஷம் கேட்டேன்.

“தட்டு குடுத்தா திரும்பி வரும்லா ஏட்டி” என்றாள் ஆச்சி.

அதன் அர்த்தம் எனக்குப் புரிய வெகு காலம் ஆனது. வெறும் தட்டாய்த் திரும்பாது. அவர்கள் வீட்டில் சமைத்த ஏதாவது அதில் இருக்கும். அப்போது நாம் அதைச் சாப்பிட வேண்டிவரும்.

கல்லூரிக் காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த இலை திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், தஞ்சை சரபோஜியோடு கூடப் படித்தவர். பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவர். மார்கழியில் நாங்கள் தாளம் தட்டிப் பாடிய கீர்த்தனைகளில் பல அவருடையவை. 1820-களில் தஞ்சைக்கு வந்த புது மிஷனெரிமார் சபையைச் சீர்திருத்தக் கிளம்பியபோது அவர் கடுமையாக எதிர்த்தார். எதை எதிர்த்தார் என்பதில்தான் எனக்குத் தலை சுற்றியது. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பூ கூடாது என்றதை எதிர்த்தார். கோவிலில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம் என்றதை எதிர்த்தார். பழைய தமிழ் வேதாகமத்தை இரேனியஸ் திருத்தியதை எதிர்த்தார். இதுவரைக்கும் நான் அவர் கட்சி. அதே மூச்சில், எல்லாச் சாதியும் கலந்து உட்கார வேண்டும் என்றதையும் எதிர்த்தார். கோவிலில் வேளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்த காலம் அது. அது ஊர் மரியாதைதான், வேதத்துக்கு விரோதமில்லை என்பது அவர் வாதம். மிஷன் வேலை போயிற்று. சரபோஜி ஆதரித்தார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்ப, தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

பாளையங்கோட்டையில் அதே இரேனியஸ் 1820-லிருந்து வேலை செய்தார். ஊசிக் கோபுரம் 1826-ல் அவர் கட்டியது. தன்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெபம் சேர்ந்து செய்யலாம், பாட்டும் சேர்ந்து பாடலாம். சண்டை சோற்றில்தான் வந்தது.

சாஸ்திரியாரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். எங்கள் வீட்டுக்கு அந்தத் தகுதி கிடையாது. நாங்கள் தோள்சீலைக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் மாராப்புப் போட்டதற்காக அடிபட்டதையும், 1859-ல் அரசாணை வந்ததையும் ஆச்சி நேற்று நடந்த மாதிரி சொல்லுவாள், கண் கலங்கும். சொல்லி முடித்துவிட்டு இலை நறுக்க எழுந்து போவாள்.

2003 கிறிஸ்துமஸ். அந்த அம்மாவின் கடைசி மகளுக்கு அந்த வருஷம்தான் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் முன்வாசல் வழியாக வந்து, ஒரு எவர்சில்வர் சம்படத்தை அம்மா கையில் கொடுத்தார். முந்திரிக்கொத்து. அம்மா “உக்காருங்க டீச்சர்” என்றாள். அந்த “ங்க” அந்தக் குடும்பத்துக்கு எங்கள் வீட்டில் முதல் தடவை. ஆச்சி நன்றாகத்தான் பேசினாள். நல்லா இரு, அப்பனாண்டவர் ஆசீர்வதிப்பார் என்றாள். டீச்சர் போன பிறகு சம்படம் அடுக்களைக்குள் வராமல் வெளி ஜன்னல் திண்டில் இருந்தது. இருபத்தேழாம் தேதி திறந்து பார்த்தேன், எறும்பு மொய்த்திருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆச்சியை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. மூன்று நாளாக அந்த ஜன்னல் பக்கம் போய்வந்தவள் நான். எனக்கு அப்போது பதினேழு வயது, பைபிள் குவிஸில் பரிசு வாங்குகிறவள். நானும் எடுத்துத் தின்னவில்லை. அம்மா சம்படத்தைக் கழுவி, நிறையச் சீனி போட்டுத் திருப்பி அனுப்பினாள். வெறுமையாய்த் திரும்பவில்லை.

ஆச்சி 2011-ல் போய்ச் சேர்ந்தாள். அம்மா இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பலகாரம் கடையில் வாங்குகிறோம். பாக்கெட்டில் இருக்கும் முந்திரிக்கொத்தை யார் கை உருட்டியது என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் கேட்பதில்லை.

போன டிசம்பரில் நானே சுட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு தடவை பாகு இறுகிப் போய், உருண்டை கல்லாக வந்தது. அம்மாவுக்குக் கணக்கு மறந்துவிட்டது. நம்பர் தேடி டீச்சருக்குப் போன் போட்டேன். உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கிலோ பயறுக்கு முக்கால் கிலோ கருப்பட்டி, மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதே, தேங்காயை ஈரம் போக வதக்கு என்று பொறுமையாகச் சொன்னார். அவர் அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறதாம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஒரு வருசம் நான் கொண்டாந்து குடுத்தேன்லா, எங்கம்மா உருட்டினது. ஆச்சி சாப்பிட்டாவளா அன்னைக்கு?” என்று கேட்டார்.

பாகு கம்பிப் பதம் வரணுமா, அதுக்கு முன்னாடியே இறக்கணுமா என்று கேட்டேன்.

“முன்னாடியே இறக்கிரு” என்றார்.