முதல் வளையமும் பத்து நாள் காவலும்

ரேடியோ விமானப் போட்டிகளில் வளையம் பிசகாத வட்டமாக அமைதல் வேண்டும். உச்சியில் புவியீர்ப்பும் விமானத்தை உள்நோக்கி இழுப்பதால், அங்கே எலிவேட்டரைத் தளர்த்தாவிடில் வட்டம் நசுங்கிவிடும். இக்கலையின் தொடக்கத்திலேயே ஒரு தண்டனை உண்டு.

1913 செப்டம்பர் 9 அன்று கீவ் நகரில் ருஷ்யப் படை விமானி பியோத்ர் நெஸ்தெரொவ் தம் நியூபோர் விமானத்தில் முதல் முழு வளையத்தைச் சுற்றினார். அரசு உடைமையை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று மேலிடம் பத்து நாள் காவல் விதித்தது. அவரோ வித்தை காட்ட எண்ணியவரல்லர் (இதை வலியுறுத்தியே ஆகவேண்டும்). எந்நிலையிலும் காற்று விமானத்தைத் தாங்கும் என்ற தம் கணக்கை மெய்ப்பிக்கவே முனைந்தார். பன்னிரண்டு நாள் கழித்துப் பிரெஞ்சு விமானி அடோல்ஃப் பெகூ அதையே செய்தபோது ஐரோப்பா கொண்டாடியது. அதன் பின்னரே நெஸ்தெரொவுக்குப் பதவி உயர்வு கிட்டியது. மறு ஆண்டே, போரில் ஆஸ்திரிய விமானமொன்றை மோதி வீழ்த்துகையில் அவர் மாண்டார்.